வயர்மேன் தனபாலனும் யாரும் எடுக்காத ராணியும்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் பள்ளி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, எனக்குத் தொலைபேசி வந்திருக்கிறது என்றார். அந்த நேரத்தில் யாரும் என்னை அழைப்பதில்லை. பேசியவர் ராமலிங்கம் ஐயா. எங்கள் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று எதையும் விசாரிக்கவில்லை.

“டீச்சர், உங்க கூட்டாளி தனபாலன் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரி காடியில ஏத்தியிருக்காங்க. மலை எறங்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சி.”

பிறகு, “ஆட்டம் பாதியில நிக்குது டீச்சர். அவரு நகத்தணும்” என்றார்.

தோட்டத்து வயர்மேன் தனபாலன் அண்ணனை இதைப் படிக்கும் தோட்டத்துக்காரர்களான உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டு விளக்கை எரிய வைத்தவர், ஆலையில் கொழுந்து வாட்டும் விசிறிகளை ஓட வைத்தவர். ஆனால் அவரும் பெரிய கிராணியும் ஞாயிறுதோறும் ஒரே மேசையில் சதுரங்கம் ஆடினார்கள் என்பது, பத்து ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். அது எப்படி நடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் இடைநிலைப் பள்ளிக்கு ஒரு கணினி வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். எழுதிய நிரலை ஒலிநாடாவில் பதிந்து வைக்க வேண்டும். நான் கணித ஆசிரியை என்பதால் அதை என் தலையில் கட்டினார்கள். முதல் வாரமே சுவரிலிருந்த பிளக் கருகிவிட்டது. கணினியே போய்விட்டது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் தனபாலன் அண்ணனை வரவழைத்தார்.

பிளக்கை மாற்றிவிட்டு அவர் கிளம்பவில்லை. திரையில் துடித்துக்கொண்டிருந்த சிறு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், இது நேத்து செஞ்ச தப்ப இன்னைக்கும் செய்யுமா?”

“நாம சொல்றதத்தான் செய்யும் அண்ணே. தப்பா சொன்னா, எத்தன தரம் வேணும்னாலும் தப்பாத்தான் செய்யும்.”

“அப்ப நம்ம ஆலை இஞ்சின் மாதிரிதான்.” அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. கருவிகளைப் பையில் போட்டார். கதவருகே போய்த் திரும்பி, “என் டின்னுங்க இதவிடக் கெட்டிக்காரனுங்க” என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஆலைக்குப் பின்னால் இருந்த அவருடைய பட்டறைக்குப் போனேன். ஒரு பலகையில் இருபத்து நான்கு சின்ன டின்கள் வரிசையாக இருந்தன. தேயிலையைச் சுவை பார்க்க மாதிரி போட்டு வைக்கும் டின்கள். ஒவ்வொரு மூடியிலும் ஒன்பது கட்டங்கள் வரைந்து, கறுப்பும் வெள்ளையுமாகச் சிப்பாய்களுக்குப் புள்ளி வைத்திருந்தார். பக்கத்துக்கு மூன்று சிப்பாய்கள் மட்டுமே உள்ள குட்டிச் சதுரங்கம் அது. எதிர்க்கரையை முதலில் தொட்டவர், அல்லது எதிராளியை நகர முடியாமல் செய்தவர் வென்றவர். ஆட்டத்தில் வரக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு டின். உள்ளே பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் இரவுச் சந்தையில் வாங்கிய வண்ணப் பாசிமணிகள். ஒரு நிறத்துக்கு ஒரு நகர்த்தல். டின்னைக் குலுக்கி, கண்ணை மூடி ஒரு மணியை எடுத்தால், அதுதான் டின்னின் ஆட்டம்.

“சக்கர போட்டு வைக்க ஒரு டின் கேட்டேன் டீச்சர். மணி போட்டு வெளையாடிக்கிட்டு இருக்காரு” என்றார் அவருடைய மனைவி மரகதம் அக்கா, தேநீரை வைத்துவிட்டு.

நான் ஆடினேன், எளிதாக வென்றேன். டின் கடைசியாக ஆடிய மணியை அவர் வெளியே எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். மறுபடி ஆடினோம், மறுபடி வென்றேன், இன்னொரு மணி கிண்ணத்துக்குப் போனது. பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு என்னால் வெல்லவே முடியவில்லை. மதியம் முழுவதும் முயன்றேன். கணிதம் படித்தவள், பாசிமணிகளிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

“தோத்ததுக்கு தண்டன குடுக்குறீங்களா அண்ணே?” என்று கேட்டேன்.

“தண்டன இல்ல டீச்சர். போன வழி சரியில்ல, அந்தக் கதவ மூடுறேன். அவ்ளோதான். மிச்சத்த அதுவே பாத்துக்கும்.”

ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் காலி செய்தபோது குப்பைக்குப் போன பழைய ஆங்கில இதழொன்றில் இந்த வித்தையை அண்ணன் படித்திருக்கிறார். அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடிக்க நான்கு மாதம் ஆனதாம். அந்த மாலையில் நான் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரே கேள்விதான் மனதில் இருந்தது. அந்த டின்களில் எந்த டின் கற்றுக்கொண்டது? ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாலும் உள்ளே மணிதானே இருக்கிறது?

கணினிக்கு முழுச் சதுரங்கத்தையே சொல்லிக் கொடுத்து, ஆடிய ஆட்டங்களிலிருந்து அது தானாகத் தேறும்படி செய்யலாம் என்று முடிவு செய்தோம். ஏன் சதுரங்கம் என்று கேட்டபோதுதான் கிளப் கதையைச் சொன்னார்.

தோட்டத்தில் அலுவலக ஊழியர்களுக்கு ஸ்டாஃப் கிளப் என்று ஒன்று இருந்தது. கிராணிமாரும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரும் ஆசிரியர்களும் போகலாம். தொழிலாளி போக முடியாது. பழுது பார்க்க மட்டும் பின்வாசல் வழியாகப் போகலாம். அங்கே சன்னலோரத்தில் ஒரு சதுரங்க மேசை. அதற்கு நேர் மேலே ஒரு விளக்கு. தனபாலன் அண்ணன் சதுரங்கம் கற்றுக்கொண்டது அந்த விளக்குக்குப் போட்ட ஏணியில் நின்றுதான். விளக்கு எரியாமல் போனால் ஓடிப் போவார். ஆட்டம் முடியும் வரை பல்பு மாட்டுவார்.

“ஏம்ப்பா, ஒரு பல்பு மாத்த அர மணி நேரமா?” என்று ஒரு நாள் பெரிய கிராணி கேட்டிருக்கிறார்.

“பல்பு திருகுற மரை தேஞ்சிருச்சிங்கய்யா” என்று சொல்லியிருக்கிறார். பிறகு, எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், “ஐயா, உங்களோட ஒரே ஒரு ஆட்டம் ஆடலாமுங்களா?” என்றும் கேட்டுவிட்டார்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிய கிராணி சிரிக்கவில்லை. “வேலைக்கு வா, வேணாங்கல. ஆட்டத்துக்கு வராத” என்றார்.

இதைச் சொல்லும்போது அண்ணனின் குரலில் கோபம் இல்லை. “எனக்கு ஜெயிக்கணும்னு இல்ல டீச்சர். அந்த நாக்காலியில உக்காந்து, பலகைய நேரா பாக்கணும். மேலேருந்து பாத்தா எல்லாம் தலையாவே தெரியுது” என்றார். அவர் விரும்பியது அந்த நாற்காலியைத்தான். அதற்கு அவர் கண்ட வழி, தான் பழக்கிய கணினியை முதலில் அந்த மேசைக்கு அனுப்புவது. பள்ளிக்கூடத்துச் சொத்து கிளப்புக்குள் போக என்ன தடை?

நான் போய்ப் பெரிய கிராணியிடம் கேட்டேன். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. “மெஷினா? ஆடுமா? கொண்டாங்க பாப்போம்” என்றார். கிளப்பின் ஆண்டு விழாவில் ஆட்டம் என்று முடிவானது. அதோடு இன்னொன்றும் கொடுத்தார். அலுவலகத்தில் ஒரு கோணிக் கொழுந்துக்குக்கூடக் கணக்கு எழுதும் மனிதர், கிளப்பில் நடந்த ஆட்டங்களையும் நகர்த்தல் நகர்த்தலாக எழுதி வைத்திருந்தார். கெட்டி அட்டை போட்ட மூன்று புத்தகங்கள். கணினி பழகுவதற்கு அதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும் என்று நாங்கள் மகிழ்ந்துபோனோம்.

சனிக்கிழமைகளில் அவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். கணினியின் நினைவகம் சிறியது. ஆட்டங்களின் தொடக்கத்தை மட்டுமே வைத்துக்கொள்ள முடிந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு மதிப்பெண். அது வெற்றியில் முடிந்தால் ஒன்று கூடும்; தோல்வியில் முடிந்தால் ஒன்று குறையும். பழகிய நிலை வந்தால் அட்டவணையைப் பார். வராவிட்டால் காய்களை எண்ணிப் பார்த்து ஆடு. இவ்வளவுதான் எங்கள் நிரலின் அறிவு. ஒரு நகர்த்தலுக்கு ஏழெட்டு நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் சன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

விழாவுக்கு ஒரு மாதம் இருந்தபோது சோதித்தோம். அண்ணன் பெரிய கிராணியைப் போல வெள்ளைக் காய்களை எடுத்துக்கொண்டு, அவரைப் போலவே நான்காவது நகர்த்தலில் ராணியை வெளியே கொண்டுவந்து, கணினியின் சிப்பாய்க்குக் குறுக்குக் கட்டத்தில் நிறுத்தினார். சிப்பாய் ராணியை வெட்டலாம். குழந்தையும் வெட்டும்.

கணினி ஏழு நிமிடம் யோசித்துவிட்டு, ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியது.

மறுபடி ஆடினோம். மறுபடியும் ஓரத்துச் சிப்பாய். நான் நிரலில் பிழை என்றேன். மூன்று வாரம் வரி வரியாகத் தேடினேன். வெட்டுவதற்கான விதி சரியாகவே இருந்தது. வேறு இடங்களில் கணினி நன்றாக வெட்டியது. ராணியைப் பார்த்தால் மட்டும் ஓரத்துக்குப் போனது.

கடைசியில் அண்ணன் கிளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

“டீச்சர், மெஷின்ல தப்பு இல்லலா. அது நம்ம தோட்டத்த நல்லா படிச்சிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். ஆட்டத்துக்கு ஆட்டம் பெரிய கிராணி அதே இடத்தில் ராணியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சின்னக் கிராணி வெட்டவில்லை. டிரெஸ்ஸர் வெட்டவில்லை. விருந்தாளியாக வந்த ஆசிரியர் வெட்டவில்லை. எல்லாரும் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தியிருந்தார்கள். எல்லாரும் தோற்றிருந்தார்கள்.

இரண்டாவது புத்தகத்தில் என் பெயரும் இருந்தது. அந்த ஆட்டம் எனக்கு நினைவிருந்தது. என் தம்பிக்குப் பெரிய கிராணியின் அலுவலகத்தில் வேலை நிரந்தரமாகாமல் இருந்த சமயம். ராணி என் சிப்பாய் வெட்டும் கட்டத்தில் நின்றதைப் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். விட்டுக் கொடுக்கிறோம் என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டதில்லை. கை தானாக ஓரத்துக்குப் போயிருந்தது. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

“ஆனா தோத்தா மதிப்பெண் கொறையணுமே அண்ணே. அப்புறமும் ஏன் அதையே ஆடுது?” என்று பேச்சை மாற்றினேன்.

அவர் யோசித்தார். “என் டின்ல, முடிஞ்ச நகத்தலுக்கெல்லாம் ஒவ்வொரு மணி போட்டுத்தான் ஆரம்பிச்சேன். உங்க அட்டவணையில வெட்டுறதுக்கு மணி இருக்கா?”

இல்லை. நான்தான் ஒரு வரி எழுதியிருந்தேன். பழகிய நிலை வந்தால், புத்தகத்தில் யாராவது ஆடிய நகர்த்தல்களிலிருந்து மட்டுமே தேர்ந்தெடு. யாரும் ஆடாததை இது ஏன் யோசிக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியிருந்தது. யாரும் ராணியை வெட்டாததால், ராணியை வெட்டலாம் என்பதே கணினிக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த வரியை எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது எனக்குள்ளேயே இருந்தது.

“ராணியக் கண்டா வெட்டுன்னு ஒரு வரி சேத்துடுறேன்” என்றேன்.

“வேணாம் டீச்சர். வெட்டுன்னு சொல்லாதீங்க. வெட்டலாம்னு மட்டும் விடுங்க. மிச்சத்த அது கத்துக்கட்டும்.”

“விழாவுக்குள்ள கத்துக்கலன்னா?”

“தோக்கும். நானா தோக்குறேன்?” என்று சிரித்தார். ஆனால் அவர் கை புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. கணினி கேலிக்குள்ளானால் அந்த மேசை அவருக்கு என்றென்றைக்கும் மூடிவிடும். கணினி ராணியை வெட்டினாலோ, பெரிய கிராணியின் முகம் எல்லார் முன்னாலும் என்ன ஆகும், அதன் பிறகு தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒரு வயர்மேன் என்ன ஆவான் என்பது இருவருக்குமே தெரியாது. இரண்டு ஆபத்தையும் உணர்ந்தேதான் அந்த வரியை நீக்கினோம். மிச்சமிருந்த நாட்களில் அவர் வெள்ளைக் காய்களோடு ஆடிக்கொண்டே இருந்தார். கணினி சில நாள் வெட்டியது. சில நாள் வேறெங்கோ போனது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கணினியையும் தொலைக்காட்சியையும் முட்டைக்கோசு ஏற்றும் லோரியில் கம்பளி சுற்றிக் கொண்டுபோனோம். அண்ணன் பின்வாசல் வழியாக வந்து, பிளக்கைப் பொருத்திவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார். கணினி சொல்வதை நான் பலகையில் நகர்த்தினேன்.

நான்காவது நகர்த்தலில் ராணி வந்தது.

கணினி யோசிக்கத் தொடங்கியது. கிளப்பே கூடி நின்று அந்தப் பலகையைப் பார்த்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அங்கிருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சிப்பாய் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்த ராணியை அவ்வளவு நேரம் யாரும் நேராகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறாவது நிமிடத்தில் திரையில் எழுத்து வந்தது. நான் இரண்டு முறை படித்தேன். பிறகு ராணியைப் பலகையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

பெரிய கிராணி திரையைப் பார்க்கவில்லை. சுவரோரம் பார்த்தார். “யாரு இத எடுக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலங்கய்யா. எடுக்காதன்னும் யாரும் சொல்லல.”

அப்போதுதான் மின்சாரம் போயிற்று. மலையில் மழை பிடித்துவிட்டிருந்தது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. “தனபாலு, ஜெனரேட்டரப் பாருலா” என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

“நில்லு” என்றார் பெரிய கிராணி. “கரண்டு வந்தா இது விட்ட எடத்துலேருந்து ஆடுமா?”

“ஆடாதுங்கய்யா. நெனப்பெல்லாம் போயிருச்சி. நாடாவுல இருக்கறத மொதல்லேருந்து ஏத்தணும்.”

“அடுத்து இது என்ன ஆடும்னு உனக்குத் தெரியுமா?”

“ஒருவாறு தெரியுங்க.”

பெரிய கிராணி மேசையில் கிடந்த தன் ராணியைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு காலால் எதிர் நாற்காலியைத் தள்ளினார். “அப்ப ஒக்காரு. கரண்டு மெதுவா வரட்டும்.”

அண்ணன் கருவிப் பையைக் கீழே வைக்கவே மறந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சன்னல் வெளிச்சத்தில் ஆடினார்கள். ராணி இல்லாத பெரிய கிராணி அன்று ஆடிய ஆட்டத்தைப் போல அவர் அதற்கு முன் ஆடியதே இல்லை என்று மூன்று புத்தகங்களையும் தட்டச்சு செய்த நான் சொல்வேன். ஒன்றரை மணி நேரம் போராடித் தோற்றார். தன் கையாலேயே புத்தகத்தில் எழுதினார். பிறகு என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “இத்தன வருசமா நான் ஆடுனதெல்லாம் என்னா டீச்சர்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. என் பெயரும் அந்தப் புத்தகத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பெரிய கிராணியே அண்ணனை அழைத்துவர ஆள் அனுப்பினார். ஓய்வு பெற்ற பிறகு தன் வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டார். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஆடினார்கள். “ஐயா, மரியாதையா ஆடாதீங்க, ஒழுங்கா ஆடுங்க” என்று அண்ணன் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். யார் அதிகம் வென்றார்கள் என்று கேட்டால் இருவரும் தங்கள் பெயரையே சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு ராமலிங்கம் ஐயா வீட்டுக்குப் போனேன். பலகை அப்படியே இருந்தது. மரகதம் அக்கா டின்களைத் தர மறுத்துவிட்டார். அவற்றில் இப்போதும் அவர் சர்க்கரை போடவில்லை. நிரல் இருந்த ஒலிநாடா என்னிடம் உள்ளது. அது இனி ஓடாது. ஐயா கறுப்புக் காய்களைக் காட்டி, “ஒக்காருங்க டீச்சர். அவருக்காக நீங்க நகத்துங்க” என்றார்.

ஐயாவின் யானை காவலின்றி நின்றது. என் குதிரை வெட்டலாம். எழுபது வயதைத் தாண்டியவர், நண்பரை இழந்து ஒரு வாரம்கூட ஆகாதவர் எதிரே உட்கார்ந்திருந்தார். என் கை புறப்பட்டது. எங்கே போகிறது என்று பார்த்தேன். ஓரத்துச் சிப்பாயை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. தனபாலன் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்: கையைக் காயைத் தொடவிடாமல் நிறுத்தி, அது போகும் இடத்தைப் பார்க்கும் ஒரு நொடி.

குதிரையை எடுத்தேன். யானையை வெட்டினேன்.

ஐயா பலகையை வெகு நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.